மெஷினுக்குப் பின்னால் ஒரு மேசை

பேட்டையில் என் தம்பிக்கு ஒரு மரப்பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர், நடுவில் பலகை அறுக்கும் மெஷின். அந்த மெஷினில் ஒரு ஆள் முன்னால் நின்று பலகையைத் தள்ள வேண்டும். இன்னொரு ஆள் பின்னால் நின்று, ரம்பத்தைத் தாண்டி வருகிற பலகையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்னால் நிற்பது தம்பி. பின்னால் நின்றது நான். தலைமுடி கறுப்பாக இருந்தபோது அங்கே போய் நின்றேன். பாதிக்கு மேல் வெளுத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

இப்போது நான் நின்ற இடத்தில் ஒரு மேசை நிற்கிறது. வெட்டின பலகை வழுக்கிக்கொண்டு வந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும். மேசைக்கு அடியில் சாமான் வைக்க டிராயர்களும் தட்டுகளும் இருக்கின்றன. அந்த மேசை செய்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். யாரிடமும் அதிகம் பேசிப் பழக்கமில்லை. பேச வராததை எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

என் கல்யாணம் சரியாக அமையவில்லை. திரும்பி வந்து தம்பி வீட்டில் இருந்துகொண்டேன். அப்போது பட்டறையில் பின்னால் பிடிக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். ஒரு நாள் மத்தியானம் சோறு கொண்டுபோனேன். தம்பி ஒரு நீளப் பலகையை வைத்துக்கொண்டு தனியாகத் தடுமாறிக்கொண்டிருந்தான். தூக்குச்சட்டியை வைத்துவிட்டு மறுபக்கம் போய்ப் பிடித்தேன். மறுநாள் காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போது நானும் கிளம்பி வாசலில் நின்றேன்.

பின்னால் பிடிப்பது சும்மா நிற்கிற வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பலகையை இழுக்கக் கூடாது. இழுத்தால் எதிரே தள்ளுகிறவனின் கையும் சேர்ந்து ரம்பத்தின் பக்கம் போய்விடும். மேலே தூக்கவும் கூடாது, கீழே விடவும் கூடாது. அது வருகிற வேகத்துக்கே நாமும் பின்னால் போக வேண்டும். தம்பி சளைத்திருக்கிறானா, யார் மேலாவது கோபமாக இருக்கிறானா என்பது பலகை வழியாகவே எனக்குத் தெரிந்துவிடும். மெஷின் ஓடும்போது யாரும் யாரிடமும் பேச முடியாது. அந்தச் சத்தத்துக்குள் நான் நிம்மதியாக இருந்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்கிற எனக்கு, பட்டறையில் அந்நிய ஆண்கள் எத்தனை பேர் வந்து போனாலும் கூச்சம் இருந்ததில்லை. என் கையில் பலகை இருந்தது.

அப்புறம் இருமல் வந்தது. முதலில் தேக்கு அறுக்கும் நாட்களில் மட்டும் இருந்தது. பிறகு எந்த மரம் என்றாலும் வந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஒரு சத்தம். தம்பி என்னை பஸ் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். தம்பிதான் சொன்னான்.

“எங்கூடப் பட்டறைல நிக்காங்க சார்.”

மரத்தூள் இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே வந்தான். இறங்கி நடக்கும்போதுதான் பேசினான்.

“இனிமே நீ பட்டறைக்கு வராண்டாம்க்கா.”

“மூஞ்சில துணி கட்டிக்கிடுதேன்.”

“துணி கட்டித்தானே இம்புட்டு நாளும் நின்னே?”

பின்னால் பிடிக்க வேறு ஆள் தேடினான். வந்தவர்கள் இரண்டு நாள் நின்றார்கள், மூன்றாம் நாள் வேறு வேலைக்குப் போனார்கள். ஒருவன் பலகையை இழுத்துவிட்டான். தம்பியின் விரல் மயிரிழையில் தப்பியது. அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டான். பிறகு செல்போனில் ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரனின் பட்டறையைப் பார்த்தான். அங்கே மெஷினுக்குப் பின்னால் ஆள் இல்லை. ஒரு மேசை இருந்தது. மேசைக்கு அடியில் வரிசையாக டிராயர்கள். அந்தப் படத்தை என்னிடம் நீட்டி, “பாத்தியாக்கா, ஆளே வேண்டாம்” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டாக்டரிடம் போய் வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மேசை முடிகிற வரைக்கும் நான் வந்து பிடிப்பது, முடிந்ததும் நின்றுகொள்வது என்று பேச்சு. பேச்சு என்றால், அவன் சொன்னான், நான் தலையாட்டினேன். அதனால் மேசை மெதுவாக நடக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கதவு, ஜன்னல் என்று வெளிவேலை நிறைய வந்தால் நல்லது என்று நினைத்தேன். வந்தது. ஆனால் தம்பி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

“எங்க அக்கா மூச்சு விட்டாப் போதும் அண்ணாச்சி. உங்க கட்டிலு பைய வரும்” என்று வந்தவரிடம் சொல்லி அனுப்பினான். எனக்காகத்தான் அவசரப்படுகிறான் என்று தெரியும்போது அவனை எதைச் சொல்லித் தடுப்பது?

மேசைச் சட்டத்துக்கு வேங்கை மரம் எடுத்தான். இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிப் போட்டிருந்த பழைய நிலைக்கட்டைகள். அவற்றைக் கீறும்போது நான்தான் பின்னால் பிடித்தேன். நான்கு கால்கள், குறுக்குச் சட்டங்கள், டிராயருக்கான பலகைகள் எல்லாம் ரம்பத்தைத் தாண்டி என் கைக்குத்தான் வந்தன. ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரில் சாய்த்தேன். வேங்கைத் தூள் வியர்வையில் பட்டு கையெல்லாம் சிவந்திருந்தது. இருமலை அடக்கிக்கொண்டேன். இருமினால் தம்பி மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பான்.

பட்டறையில் பாலிஷ் போடுகிற அண்ணாச்சி ஒருவர் உண்டு. வாய் ஓயாது அவருக்கு. மெஷின் நின்றதும் அவர் ஓட ஆரம்பித்துவிடுவார்.

“ஏம்வே, மேசை சம்பளம் கேக்காதுன்னுதான இந்தப் பாடு படுதீரு?”

“எக்கா எங்க அண்ணாச்சி சம்பளம் கேட்டா?”

“அதான் சொல்லுதேன். கேக்காத ஆள நிப்பாட்டிட்டு, கேக்காத மேசையக் கொண்டாரீரு. இதுல உமக்கு என்னவே லாபம்?”

தம்பி சிரித்தான். நானும் முகத்துணிக்குள் சிரித்தேன். அவர் என் பக்கம் பேசியது போல ஒரு கணம் இருந்தது. ஆனால் அவர் அடுத்த நிமிஷமே வார்னிஷ் டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அடிப்பக்கம் சாமான் வைக்கிற ஏற்பாட்டைத் தம்பி என்னிடமே விட்டான். “என்னென்ன எங்கன கெடக்குன்னு உனக்குத்தானக்கா தெரியும். எத்தன டிராயர் வேணும், எது எதுக்குன்னு நீயே சொல்லு” என்றான். அது உண்மைதான். ஆணிகள் பால்பவுடர் டின்களில் இருந்தன. கீல்களும் தாழ்ப்பாள்களும் பெயின்ட் வாளியில். உப்புத்தாள் எல்லாம் ஜன்னல் மேல் செருகியிருக்கும். யாருக்கு எது வேண்டும் என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். “தங்கச்சி, அந்தச் சின்ன ஸ்குரூ எங்க?” என்று அண்ணாச்சி கத்துவார். நான் கையைக் காட்டுவேன். ஒரு நாளில் பலமுறை அப்படிக் கேட்பார். யோசிக்காமல் நான் பதில் சொன்ன கேள்விகள் அவை மட்டும்தான்.

மேல் வரிசையில் சின்ன டிராயர்கள், ஆணிக்கும் ஸ்குரூவுக்கும். நடுவில் உளிகளுக்கு. கீழே ஆழமாக ஒன்று, கனமான சாமான்களுக்கு. இன்னொரு பக்கம் திறந்த தட்டுகள், வெட்டி மிஞ்சின துண்டுப் பலகைகளை நிறுத்தி வைக்க. நான் சொல்லச் சொல்லத் தம்பி பலகையில் பென்சிலால் கோடு போட்டான். சொல்லும்போது எனக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. உளிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் தடுப்பு வைக்கச் சொன்னேன். “நல்ல யோசனக்கா” என்றான். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. பைப்பை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். தம்பி மனைவி வந்து மூடினாள்.

டிராயர்களில் எது எதில் இருக்கிறது என்று எழுதி ஒட்டவும் சொன்னான். எழுதினேன். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

“தங்கச்சி எழுத்து கோயில் கல்வெட்டு மாதிரில்லா இருக்கு. படிச்சுச் சொல்ல மெட்ராஸ்ல இருந்து ஆள் வரணும் போல.”

ஆனால் மறுநாளே அவருக்குப் படிக்க வந்துவிட்டது. குனிந்து பார்த்தார், இழுத்தார், எடுத்துக்கொண்டு போனார். என்னைக் கூப்பிடவில்லை.

மேலே பிளைவுட் போட்டு மைக்கா ஒட்டி, மெஷினோடு சேர்த்து மேசையை நிறுத்தின நாள் வந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது. திருப்பி வைத்தான், அப்போதும் நடுவில்தான். ஒரு நீளப் பலகையை எடுத்து மெஷினை ஓடவிட்டான். நான் ஷட்டர் பக்கம் ஒதுங்கி நின்றேன். அவன் பலகை தள்ளும்போது பட்டறைக்குள் நான் வேறு எங்கோ நிற்பது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

பலகை ரம்பத்தைத் தாண்டியது. மேசையில் ஏறப் போகிற இடத்தில் முட்டி நின்றது. ரம்பம் கத்தியது. கருகின வாடை வந்தது. தம்பி மெஷினை நிறுத்தினான். அந்த வாடையை மூச்சில் இழுத்தபோது எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் மட்டம் பார்த்தான். மேசையில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ரசமட்டத்தைத் தூக்கி மெஷின் மேல் வைத்தான். குமிழி ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. பட்டறைக்குள் ஒரு மழையில் ஆற்றுத் தண்ணீர் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு, இனி வந்தாலும் தேங்காமல் வடியட்டும் என்று பட்டறையை ஒட்டின ஓடைப் பக்கம் சரிவாகத் தரை போட்டோம். மெஷின் அந்தச் சரிவில்தான் நிற்கிறது, போல்ட் போட்டு இறுக்கி. அதை இத்தனை காலமும் யாரும் கவனிக்கவில்லை. பலகையின் சரிவுக்குத் தகுந்தபடி என் கைகள் ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் பிடித்துக்கொண்டிருந்ததால் கவனிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. எனக்கே அது தெரியாது.

“மேசைக்கு உம்ம அக்கா மாதிரி வளஞ்சு குடுக்கத் தெரியலவே” என்றார் அண்ணாச்சி.

தம்பி அவரையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எக்கா, இங்கன வா. எப்பவும் போலப் பிடி.”

இரண்டு பேருமாக மேசையைப் பின்னால் நகர்த்தினார்கள். நான் என் இடத்தில் போய் நின்றேன். மெஷினை ஓடவிடவில்லை. சும்மா பலகையைத் தள்ளினான். சத்தமில்லாமல் பலகை வருவது விநோதமாக இருந்தது. பாதி தூரம் வந்ததும், “அசையாத” என்றான். என் பக்கம் வந்து குந்தி உட்கார்ந்தான். ஓடைப் பக்கத்துக் கை தரையிலிருந்து எவ்வளவு உயரம், மற்றக் கை எவ்வளவு என்று அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தான்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று சரியாக நினைவிருக்கிறது. கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் அளவு தப்பிப் போகும். இன்னும் சில நாள் ஓடும். ஆனால் கைகள் நான் நினைத்ததைக் கேட்கவில்லை. பலகை எந்த உயரத்தில் வந்ததோ அந்த உயரத்திலேயே நின்றன. தம்பி என் கையின் அடிப்பாகத்தில் டேப்பை ஒட்டவைத்துப் பார்த்தபோது, “கனக்குதாக்கா?” என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

அந்த அளவுக்கு மேசைக் கால்களை வெட்டினான். அதற்குப் பின் பலகை தடங்கலே இல்லாமல் ஓடிப்போய் மேசையில் படுத்தது. அண்ணாச்சி கைதட்டினார். தம்பி இன்னொரு பலகையைத் தள்ளினான். அதுவும் போனது. அவன் சின்ன வயதில் பம்பரம் விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். அப்படியே பார்த்தான். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

புது மேசையில் அவன் செய்த முதல் சாமான் எனக்கு ஒரு சாய்வு நாற்காலி. மிஞ்சின வேங்கையில் செய்தது. அண்ணாச்சி கண்ணாடி போல பாலிஷ் போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் போட்டார்கள். “மயினி, நீங்க இனிமே ஒரு வேலையும் செய்யாண்டாம். இதுல சாஞ்சுகிட்டு டிவி பாருங்க” என்றாள் தம்பி மனைவி. அவள் டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் சமையலையும் அவளே முடித்துவிட்டுப் போனாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். எல்லோரும் போன பிறகு வீட்டில் நானும் அந்த நாற்காலியும்.

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இரண்டு தெருதான். பஸ் போகாத நேரத்தில் மெஷின் சத்தம் கேட்கும். எந்த மரம் ஓடுகிறது என்று தெரியும். முன்பெல்லாம் ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்க இடைவெளி இருக்கும். நான் பலகையைக் கொண்டுபோய் சாய்த்துவிட்டு வருகிற நேரம் அது. இப்போது அந்த இடைவெளி இல்லை. ஒன்று முடிந்த உடனே அடுத்தது.

இருமல் நிற்கவில்லை. தூசி இல்லாத வீட்டில், மாத்திரை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தபடி முன்பு போலவே இருமினேன். “ஒடனே போயிருமா? கொஞ்ச நாள் ஆவட்டும்” என்றான் தம்பி. அவன் அதை நம்பினான். நானும் சில நாள் நம்பிப் பார்த்தேன்.

ஆயுத பூஜை வந்தது. முன்பெல்லாம் எங்கள் பட்டறையில் மெஷினுக்கும் உளி ரம்பத்துக்கும் சந்தனம் வைத்து முடித்த பிறகு, “பின்னால நிக்கிற மெஷினுக்கு யாருவே வைப்பா?” என்று அண்ணாச்சி கேட்பார். தம்பி என் இரண்டு புறங்கையிலும் சந்தனமும் குங்குமமும் வைப்பான். கேலியாகத் தொடங்கியது, வருஷா வருஷம் நடந்துவந்தது. இந்தத் தடவை புகை ஆகாது என்று என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் பொரியும் கடலையும் கொண்டுவந்து கொடுத்தான். மேசைக்கு மாலை போட்டு, ஒவ்வொரு டிராயருக்கும் சந்தனம் வைத்ததைச் செல்போனில் காட்டினான். நான் எழுதி ஒட்டின தாள்களின் மேலேயே பொட்டு இருந்தது. நல்லா இருக்கு என்றேன். அன்று முழுவதும் இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன்.

அதன் பிறகுதான் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் இருந்தாலும் இருமுகிறேன். அங்கே நின்று இருமினால் என்ன? இதை எப்படிச் சொல்வது என்று நாற்காலியில் உட்கார்ந்து பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் மத்தியானம் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன்.

தம்பி ஷட்டருக்கு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டான், எனக்குத் தூசி படக் கூடாது என்று. அண்ணாச்சி பீடியை அணைத்துவிட்டு, “தங்கச்சிய மேசை விரட்டிட்டுன்னு ஊரெல்லாம் பேச்சு” என்றார். தம்பி சாப்பிட்டுக் கை கழுவினான். நான் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. வந்தது இவ்வளவுதான்.

“நாளைக்கு வரட்டுமா தம்பி?”

அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை, டாக்டர் சொன்னதை எடுக்கவும் இல்லை. எழுந்து உள்ளே திரும்பிப் பார்த்தான். மெஷின். அதை ஒட்டி மேசை. மேசை முடிகிற இடத்தில் சுவர். இந்தப் பக்கம் அறுத்த பலகைகள், அந்தப் பக்கம் பிளைவுட் அடுக்கு. அவன் உண்மையாகவே தேடினான். பிறகு என்னிடம் கேட்டான்.

“எங்கனக்கா நிப்பே?”

நானும் பார்த்தேன். நிற்க இடம் இல்லை.

“ஷட்டர் பக்கம் வேணா ஒரு ஸ்டூலு போடட்டுமா? வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறியா?”

“வேண்டாம். சும்மா கேட்டேன்.”

தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டேன். ரோட்டைத் தாண்டுவதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. தேக்கு, நீளப் பலகை. எங்கேயும் தடுக்காமல் கடைசி வரை ஓடி முடிந்தது. அடுத்தது தொடங்கியது. எனக்கு இருமல் வந்தது. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றேன்.